அம்மி ஓய்ந்தது, திக்ரும் ஓயலாமா?

  

நம் இல்லங்களில் பெரியவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் "அந்தக் காலம் போல வருமா?" என்பதில்தான் வந்து முடிகிறது. ஸுப்ஹு பாங்குக்கு முன்பே கேட்கும் ஆட்டுரல் ஓசை. மஃரிபுக்குப் பின் அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து பிள்ளைகள் ஓதும் குரல். ஒரே சஹனில் கை போட்டு உண்ட சோறு. நினைக்க நினைக்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த ஏக்கத்தால் நமக்கு என்ன பயன்? சற்றே சிந்திப்போம்.

முதலாவதாக, "காலம் கெட்டுப் போச்சு" என்று காலத்தை ஏசுவது நமக்கு ஆகுமானதல்ல. ஆதமுடைய மக்கள் காலத்தை ஏசுவது தன்னை நோவினை செய்வதாகும் என்றும், இரவையும் பகலையும் மாறி மாறி வரச் செய்பவன் தானே என்றும் அல்லாஹ் கூறுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்த ஹதீஸ் வருகிறது. காலம் அவனுடைய படைப்பு. கெடுவதும் திருந்துவதும் நாம்தாம்.

இரண்டாவதாக, அந்தக் காலம் நம் தாய்மார்களுக்கு இனிப்பாக மட்டும் இருக்கவில்லை. விறகுப் புகையில் கண் எரிந்து, கிணற்றில் நீர் இறைத்து, உரலில் மாவு இடித்து உள்ளங்கை காய்த்துப் போனவர்கள் அவர்கள். ஆட்டுரல் ஓசையை நினைத்து உருகுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழவியைப் பிடித்துச் சுற்றாதவர்கள்தாம்!

பெருமானாரின் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களின் கரங்களும் திரிகை சுற்றிச் சுற்றித் தழும்பேறித்தான் இருந்தன. வேலைக்கு ஓர் ஆள் கேட்டு அவர்கள் தந்தையாரைத் தேடிச் சென்றார்கள். அப்போது பெருமானார் வீட்டில் இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அன்றிரவு அண்ணலார் (ஸல்) தாமே மகளின் இல்லம் வந்தார்கள். படுக்கையிலிருந்து எழ முயன்ற இருவரையும் எழ வேண்டாமெனத் தடுத்து, அவர்களுக்கு நடுவே அமர்ந்தார்கள். "நீங்கள் கேட்டதைவிடச் சிறந்ததைச் சொல்லித் தரட்டுமா?" எனும் கருத்தில் வினவி, உறங்கப் போகும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவை ஓதுமாறு கற்பித்தார்கள். அன்று முதல் அதை விட்டதே இல்லை என்றார்கள் அலீ (ரலி) அவர்கள். ஸிஃப்பீன் போர் இரவில் கூடவா எனக் கேட்கப்பட்டபோது, அன்றும் விடவில்லை என்றார்கள்.

சகோதரிகளே! மகளாரின் கை வலியை அண்ணலார் சிறிதாக எண்ணவில்லை. எண்ணியிருந்தால் இரவில் நடந்து வந்திருப்பார்களா? உடல் உழைக்கும் வீட்டில் உள்ளத்துக்கு ஓர் ஆறுதலை வைத்துச் சென்றார்கள். அந்தச் செல்வத்தைத்தான் நம் பாட்டிமார்கள் பிடித்து வைத்திருந்தார்கள். கை மாவரைக்கும், நாவு ஸலவாத்து ஓதும். உலையில் அரிசி இடுமுன் பிஸ்மி சொல்லி ஒரு பிடி அரிசியை மதரஸாவுக்கென்று தனிப் பானையில் போடுவார்கள். தமிழெழுத்து அறியாத பெண்களும், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபுத் தமிழில் எழுதிய நூல்களை வாசித்துத் தொழுகைச் சட்டங்களைத் தெரிந்துகொண்டார்கள். ஆக, நாம் ஏங்க வேண்டியது அம்மிக்காக அல்ல. அம்மியின் அருகே இருந்த திக்ருக்காக!

காலம் மாறியது. மின்சாரத்தில் ஓடும் மாவாட்டும் கிரைண்டர் 1950-களில் கோவையில் உருவாகி ஊரெங்கும் பரவியது. 2011-க்குப் பின் அரசே இலவசமாக மிக்ஸியும் கிரைண்டரும் வழங்கியதால் ஏழை வீட்டு ஆட்டுரலும் ஓய்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அந்த இயந்திரங்கள் மிச்சப்படுத்தித் தந்த நேரம் எங்கே போயிற்று? சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-இல் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. நாளடைவில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவிலிருந்த ஓதல் நேரத்தை அது எடுத்துக்கொண்டது. எஞ்சியிருந்த நேரத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது.

பிறரைச் சொல்வானேன்? என் கதையையே சொல்கிறேன். முதன்முதலாகக் கையில் சம்பளம் வந்ததும் என் உம்மாவுக்கு ஒரு கிரைண்டர் வாங்கிக் கொடுத்தேன். அதன் மீது கை வைத்துப் பார்த்துவிட்டு உம்மா எனக்காக துஆச் செய்தார்கள். பிறகு, "தம்பி, இனி மஃரிபுக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. கண்ணும் சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார்கள். சரி என்றேன். ஒரு வாரம் ஓதினேன். அப்புறம் வியாபாரம், நண்பர்கள், "நாளைக்கு ஓதுகிறேன் உம்மா." உம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவர்கள் மவுத்தான அன்று தலைமாட்டில் உட்கார்ந்து யாசீன் ஓதினேன். கேட்பதாகச் சொன்னவர்கள் கண்மூடிக் கிடந்தார்கள். இயந்திரத்தைக் கொடுத்தேன், நேரத்தைக் கொடுக்கவில்லை.

மனிதர்களில் பெரும்பாலோர் இரண்டு நிஃமத்துகளில் ஏமாந்து போகின்றனர். ஒன்று உடல் நலம், மற்றொன்று ஓய்வு நேரம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைப் புகாரியில் காண்கிறோம். நமக்கு அருளப்பட்ட நிஃமத்துகளைப் பற்றி மறுமையில் கட்டாயம் கேள்வி உண்டு என்று 'அத்தகாஸுர்' சூராவின் கடைசி ஆயத்து எச்சரிக்கிறது. குழவி சுற்றிய கைக்குக் குறைவான ஓய்வு. அதற்குத் தக்க கேள்வி. பொத்தானை அழுத்தும் கைக்கு எவ்வளவு கேள்வி இருக்கும்!

ஆகவே, ஏங்கியது போதும், எடுத்துச் செய்வோம். மஃரிபிலிருந்து இஷா வரை தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் மூடி வைத்து, பிள்ளைகளோடு ஓதுவோம். நாளைக்கு ஒரு வேளையாவது ஒன்றாக அமர்ந்து உண்போம். பிஸ்மி சொல்லி, வலக்கையால், தமக்கு அருகிலுள்ளதை உண்ணுமாறு சிறுவர் உமர் பின் அபீ ஸலமாவுக்கு நாயகம் (ஸல்) கற்பித்ததும் ஒரு தட்டைச் சுற்றி அமர்ந்தபோதுதான். பிடி அரிசிப் பானைக்குப் பதில் ஓர் உண்டியலையாவது அடுக்களையில் வைப்போம். படுக்கப் போகுமுன் ஃபாத்திமா நாயகியின் தஸ்பீஹை வீட்டில் எல்லோரும் ஓதுவோம். ஆண்களே! நாயகம் (ஸல்) வீட்டில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) கூறியதை மறவாதீர்கள். அம்மியை மட்டுமே பெண்களின் தலையிலிருந்து இறக்கினோம். மற்றச் சுமையிலும் கை கொடுப்போம்.

உம்மாவோ வாப்பாவோ உயிரோடிருக்கும் பாக்கியம் பெற்றவர்கள் இன்று மஃரிபுக்கே பக்கத்தில் போய் உட்காருங்கள். நாளைக்கென்று தள்ளாதீர்கள்.

நம் முன்னோர்களின் மண்ணறைகளை வல்ல நாயன் ஒளிமயமாக்குவானாக! நம் இல்லங்களில் அவனுடைய திக்ரை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.