அடைக்கலமும் அடைப்பும்

இராணிப்பேட்டை மாவட்டத்துச் சோளிங்கரில் 2023ஆம் ஆண்டின் இறுதியில் நாய்களிடம் கடிபட்ட குரங்குக் குட்டி ஒன்று, கால்நடை மருத்துவர் ஒருவரின் கைக்கு வந்து சேர்ந்தது. பிழைக்குமோ பிழைக்காதோ என்றிருந்த அதனை அவர் கோவைக்குக் கொண்டு சென்று மாதக்கணக்கில் பேணினார். 2024 அக்டோபரில் வனத்துறையினர் அதை வண்டலூர் உயிரியல் பூங்காவில் சேர்த்தனர். மருத்துவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். குட்டியைச் சென்று கண்டுவர நீதிமன்றம் அவருக்கு இசைவளித்தது. ஆயினும் காட்டு விலங்கை அவர் வசம் ஒப்படைக்க மறுத்துவிட்டது.

யார் பொறுப்பில் இருப்பது என்னும் வழக்கு அத்துடன் தீர்ந்தது. அந்தக் குட்டியோ வளர்த்த கையிலும் இல்லை, பிறந்த காட்டிலும் இல்லை. பரிவோடு எடுத்து வளர்க்கப்படும் காட்டுயிர்கள் பலவற்றின் கதி இதுவாகவே இருப்பதால், இதுகுறித்துச் சிறிது சிந்திப்பது தகும் எனக் கருதுகிறோம்.

குரங்குக்கேனும் நீதிமன்றம் உண்டு. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ தோல் மண்டியின் சாக்குகளை நகர்த்தும்போது, தாய் ஓடிப்போய்க் கண் திறவாது கிடக்கும் எலிக்குஞ்சுக்கு அதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எலிகளைக் காகத்தோடும் பழந்தின்னி வௌவாலோடும் சேர்த்துத் தீங்குயிர் அட்டவணையில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. எனவே, அந்தக் குஞ்சை வீட்டுக்கு எடுத்துவந்து பஞ்சுத் திரியால் பால் ஊட்டும் பிள்ளைக்கு, அதனை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா எனத் தீர்ப்பளிக்க வேண்டியவர்கள் அவ்வீட்டாரே.

ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறுவதைக் கண்டு வளர்ந்த ஊரில் எலிக்கு இத்துணைக் கரிசனமா என்று சிலர் நகைப்பர். நகைக்கட்டும். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தருமமாக வந்த ஆடு செத்துக் கிடக்கக் கண்டு, அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாகாதா என வினவிய அதே பெருமானார் (ஸல்) அவர்கள்தாம், ஒரு பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவிப்பதைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள். உயிரினால் பயன் கொள்வதும் உயிருக்கு இரங்குவதும் ஒரே நெஞ்சில் இருக்க இடமுண்டு. எலியைக் கொல்ல இசைவளிக்கும் ஹதீஸும் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. அதன் காரணம் தீங்கு என்றே நாம் விளங்கியுள்ளோம். விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடும் என்ற எச்சரிக்கை வளர்ந்த எலிக்குரியது. உள்ளங்கையில் கிடக்கும் குஞ்சு எந்தத் திரியையும் இழுக்கவில்லை.

பூனையைக் கட்டிவைத்துச் சாகடித்ததால் நரகம் புகுந்த பெண்ணின் செய்தியை அறியாதார் நம்மில் இல்லை. அவள் கொடுமையை எண்ணிக் கலங்கும் நாம், அந்த ஹதீஸ் சொல்லும் முறையைக் கூர்ந்து நோக்குவதில்லை. அவள் உணவும் ஊட்டவில்லை. பூமியின் சிற்றுயிர்களைத் தின்று பிழைக்கட்டும் என அவிழ்த்தும் விடவில்லை. ஆக, அவளுக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன. அவிழ்த்துவிட்டிருந்தால் அந்தப் பூனை பிழைத்திருக்கும். ஏன்? அதற்கு இரை தேடத் தெரியும். கண் திறக்குமுன்னே நாம் எடுத்து வளர்த்த குஞ்சுக்கோ அந்த இரண்டாம் வழி பிறவியோடு வந்தும் தூர்ந்து கிடக்கிறது. தானியத்தின் உமி நீக்க அதற்குத் தெரியாது. ஆந்தையின் நிழல் கண்டு பதுங்கத் தெரியாது. மனிதக் கையை அது தாயென்று எண்ணுகிறது. இத்தகைய உயிரை ஒரு மாலைப்பொழுதில் வயல் வரப்பில் இறக்கிவிட்டு, விடுதலை அளித்துவிட்டோம் என்று வீடு திரும்புபவர், அந்தப் பெண்ணினும் எவ்வளவு தூரம் விலகியவர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ ஓதியவர்கள், வேட்டைப் பிராணியை உடைமையாளன் தானே விட்டுவிட்டாலும் அவனது உடைமை நீங்காது என்னும் சட்டத்தைப் படித்திருப்பர். அப்படி விடுவது, அறியாமைக் காலத்தார் ஒட்டகங்களைத் தெய்வங்களின் பேரால் அவிழ்த்துவிட்ட ‘ஸாயிபா’ வழக்கத்தை ஒத்தது என உரையாசிரியர்கள் அதை வெறுத்துரைப்பர். முதல் வாசிப்பில் இது வறட்டுச் சட்டமாகத் தோன்றும். எமக்கோ இதனுள் ஓர் அறம் புலப்படுகிறது. கையைத் திறந்ததனால் பொறுப்பு கழன்றுவிடாது.

வைத்துக்கொள்வோர் அபூஉமைர் என்னும் சிறுவரின் குருவியைச் சான்று காட்டுவர். அச்சிறுவர் குருவி வளர்த்ததைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அது இறந்தபோது அன்போடு விசாரித்தார்கள். அச்சிறு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக் காட்டினார் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ். வளர்ப்பது ஆகும் என்பதற்கு அது போதிய சான்று. காட்டில் வாழவல்ல உயிரை நம் மகிழ்ச்சிக்காக இருத்திக்கொள்வதே மேல் என்பதற்கு அது சான்றாகாது.

உத்தரப் பிரதேசத்து அமேதியில் இளைஞர் ஒருவர் 2022இல் காயமுற்ற சாரஸ் கொக்கைக் காப்பாற்றினார். அவர் அதனை அடைக்கவே இல்லை. அதுவே அவர் வண்டியைத் தொடர்ந்து பறந்து வந்தது. 2023இல் அதிகாரிகள் அதைச் சரணாலயத்தில் விட்டனர்; அது அங்கே தங்காது போகவே கான்பூர் விலங்குக் காட்சிச் சாலையில் வைத்தனர். கூண்டும் கயிறும் இல்லாமலே ஓர் உயிர் கட்டுண்டு போகும் என்பதை அந்தக் கொக்கு காட்டிவிட்டது.

ஆகவே, வாழ வல்லதை விடத்தான் வேண்டும் என்பது நம் முடிவு. ஆனால் விடுவது ஒரு நாள் வேலை அன்று. எலிக்குஞ்சு ஏறத்தாழ இரு வாரத்தில் கண் திறக்கும். மூன்று வாரத்தில் பால் மறக்கும். அன்று முதல் கையில் எடுப்பதைக் குறைத்து, உமி நீங்காத நெல்லும் புல்விதையும் கொடுத்துப் பழக்க வேண்டும். பின்னர் பெட்டியோடு வேலியோரம் கொண்டு வைத்து, துளையைத் திறந்து, சில இரவுகள் தீனியும் வைத்து வர வேண்டும். வயலெலியை அண்டை வீட்டுத் தானியக் குதிரருகே விடுவது ஈகையாகாது என்பதையும் சொல்லி வைக்கிறோம்! கால் ஊனமுற்றதையும் பார்வையற்றதையும் வைத்துக்கொள்ளலாம். வீட்டெலி அடைப்பில் சில ஆண்டுகளே வாழும். அந்நாள்வரை அதன் தீனி, அப்பெண்ணிடம் கேட்கப்பட்ட கணக்கில் சேரும்.

பிள்ளைக்கு இதை எப்போது சொல்வது என்பதே கடினமானது. விடும் நாளில் சொன்னால் அழுகையோடு முடியும். குஞ்சைக் கொண்டுவந்த முதல் இரவிலேயே, பஞ்சுத் திரியைப் பாலில் நனைக்கும்போதே, இது நம்முடையதன்று, வேலியோரத்துக்குரியது என்று தாயோ தந்தையோ சொல்லிவிட வேண்டும். பெயர் வைக்குமுன் சொல்லிவிட வேண்டும்.