பெரணி யாருக்கு உரியது?

ஒரு பொருளின்மீது அன்பு கொள்வதனாலேயே அதனை எடுத்துக்கொள்ளும் உரிமையும் நமக்கு வந்துவிடுகின்றதா? அறநூல் வல்லாரிடம் இவ்வினாவை எடுத்துச் செல்லுமுன், வீட்டு நிழலில் வளரும் ஒரு செடியை முன்னிறுத்திக் கேட்டுப் பார்ப்போம். பெங்களூரில் வாழும் நம்மவருக்குத் தோட்டம் என்பது பெரும்பாலும் மாடிப்படியின் அடியும் மதிற்சுவரின் ஓரமுமே. வெயில் எட்டாத அம்மூலைக்கு ஏற்ற செடி பெரணியன்றி வேறில்லை.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பங்களுள் சில கொல்லிமலைக்கும் ஏறி வருவதுண்டு. 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, அறப்பளீசுவரரையும் ஆகாயகங்கை அருவியையும் கண்டு திரும்புகையில், வழியோரக் கடைகளில் பழுப்பு மயிர் போர்த்த கிழங்குகள் குவிந்திருக்கக் காணலாம். முடவாட்டுக்கால் என்பது அதன் பெயர். ஆட்டுக்காலைப் போன்றே இருக்கும். உண்மையில் அது கிழங்கன்று. மரத்திலும் பாறையிலும் ஊர்ந்து படரும் ஒரு பெரணியின் தண்டு. மூட்டுவலி தீருமென்று சூப்பு வைப்பதற்காகச் சிலர் வாங்குவர். வீட்டில் வளர்க்கவென்று சிலர் வாங்குவர். விற்கும் மலைவாழ் பெண்களைக் குறைகூற நமக்கு நாவெழவில்லை. அவர்களுக்கு அது அன்றாட அரிசி. வலிக்கு மருந்து தேடுவோரையும் விட்டுவிடுவோம். நம் வினா, அழகில் மயங்கிச் செடியைப் பெயர்த்து வருவோரைப் பற்றியதே.

இங்கிலாந்தில் அம்மயக்கம் ஒரு காலத்தில் பெருநோயாகவே பரவியது. 1829-ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த வார்டு என்னும் மருத்துவர், மூடிய புட்டியொன்றில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வைத்திருந்தார். புட்டியிலிருந்த ஈரமண்ணில் தானாகவே ஒரு பெரணி முளைத்தது. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகள் வீட்டுக் கூடங்களை அடைந்தன. பெரணி திரட்டுவது நாகரிகமாயிற்று. 1855-இல் சார்லசு கிங்சிலி இதற்குப் ‘பெரணிப் பித்து’ என்று பொருள்படும் ஒரு சொல்லையே ஆக்கிவிட்டார். அயர்லாந்தின் கில்லார்னிப் பெயர் தாங்கிய மென்பெரணி, அழகு என்னும் ஒரே குற்றத்துக்காகப் பல இடங்களில் அடியோடு அள்ளப்பட்டது. பகைவர் எவரும் அதனை அழிக்கவில்லை, விரும்பியவரே அழித்தனர்.

நம் மரபில் வேறொரு காட்சி உண்டு. பாரி முல்லைக்குத் தேர் ஈந்த கதையைப் பள்ளிப்பருவம் முதலே கேட்டு வருகின்றோம். ஈகையின் பெருமையைப் பேசுவோர் பலர். அவன் செய்யாது விட்டதனைப் பேசுவார் அரியர். கொழுகொம்பின்றித் தளர்ந்த கொடியை அவன் பறம்பின் அரண்மனைக்குப் பெயர்த்துச் செல்லவில்லை. கொடி நின்ற இடத்திலேயே நின்றது, தேர்தான் இடம்பெயர்ந்தது! அவனோடு எழுவருள் ஒருவனாக எண்ணப்படும் வல்வில் ஓரிக்கு உரியது கொல்லிமலை. அவ்வள்ளலின் மலைக்கு நாம் வெறும் பையோடு சென்று நிறைந்த பையோடு திரும்புகின்றோம்.

“நாமே ஊர்விட்டு ஊர் வந்தவர்கள், செடிக்கு மட்டும் என்ன தனிவிதி?” என்று கேட்பாரும் உளர். நாம் விரும்பி வந்தோம், செடியை எவரும் கேட்கவில்லை என்பது எளிய விடை. ஆயினும் அது முழுமையான விடையன்று. கோலார் தங்கவயலில் 1880-இல் தொடங்கிய சுரங்கப்பணிக்கு வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர், பிழைப்பு துரத்த வந்தவர்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது, மீண்டும் பெயரும் நிலைக்கு அவர் வழியினர் ஆளாயினர். பசி துரத்த நடப்பதை விருப்பம் என்று எவ்வாறு சொல்வது? பெயர்வதன் வலியை அறிந்தவரே இன்னொன்றைப் பெயர்க்கத் தயங்கவேண்டும் என்பதே எம் கருத்து.

அப்படியானால் பெரணி வளர்க்கவே கூடாதா? கூடும். அதற்குப் பூவில்லை, விதையில்லை. இலையின் அடிப்புறத்துப் புள்ளிகளில் தூசிபோன்ற வித்துத்துகள் உண்டு. அண்டைவீட்டுப் பெரணியிலிருந்து முதிர்ந்த இலையொன்றைக் கேட்டு வாங்கித் தாளில் மடித்துவைத்தால் ஓரிரு நாளில் துகள் உதிரும். செங்கற்பொடியும் இலைமட்கும் கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, அதன்மேல் தூவிக் கண்ணாடியால் மூடிவைக்கவேண்டும். சில வாரங்களில் பாசிபோன்ற படலம் தோன்றும். பின்னர் நகத்தினும் சிறிய, இதய வடிவத் தகடுகள். இது பெரணியின் இளமையன்று, வேறொரு தலைமுறை. ஆண் அணு நீரில் நீந்திச் சென்று கூடிய பின்னரே நாம் அறிந்த செடி பிறக்கின்றது. இம்மறைவான வாழ்வை 1851-இல் ஓப்மைசுட்டர் என்னும் செருமானியர் விளக்கிக் காட்டினார்.

மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் அதே அண்டைவீட்டாரிடம் ஒருசாண் தண்டு கேட்கலாம். ஆயினும் துகளிலிருந்து வந்த செடிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது எங்கிருந்தும் பெயர்க்கப்படவில்லை. இந்நகரத்து நீரும் நிழலுமே அது அறிந்தவை. நம் பிள்ளைகளை “உங்கள் ஊர் எது?” என்று உறவினர் கேட்கும்போதெல்லாம் நமக்கு இது நினைவுக்கு வருகின்றது.

முடவாட்டுக்காலை மண்ணில் புதைத்தல் தகாது; அழுகிவிடும். மரக்கிளையிலோ கட்டையிலோ தேங்காய்நார் வைத்துக் கட்டுதல் வேண்டும். இதற்கு இருவகை இலைகள் உண்டு. நீண்டு பிளவுபட்ட பச்சை இலைகள் வேனிலில் உதிர்ந்து மழையில் தளிர்க்கும். தண்டை அணைத்துக் கிண்ணம்போல் நிற்கும் குற்றிலைகளோ விரைவில் பழுப்பேறிவிடும். பட்டுப்போனதென்று அவற்றை வெட்டி எறிவோர் மிகப் பலர். வெட்டாதீர்கள். மேலிருந்து விழும் சருகை ஏந்தி மட்காக்கி, மண்ணில்லாத உயரத்தில் அச்செடி தனக்கென மண் செய்துகொள்வது அவற்றில்தான்.