கடைமடைக்கு வந்துடுச்சா?

டெல்டாவில் யாரிடமாவது மேட்டூரில் இத்தனை கன அடி திறந்துவிட்டார்கள் என்று சொல்லிப் பாருங்கள். கேட்டுக்கொள்வார்கள். அப்புறம், "கடைமடைக்கு வந்துடுச்சா?" என்பார்கள். இத்தனை ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றிவிட்டோம் என்று பல்கலைக்கழக நூலகங்கள் அறிவிக்கும்போது எனக்கும் அதே கேள்விதான் வருகிறது.

2009-ல் வந்த யுஜிசி விதிப்படி, முனைவர் பட்டம் வழங்கிய 30 நாளுக்குள் பல்கலைக்கழகம் ஆய்வேட்டின் மின்படியை அனுப்பிவிட வேண்டியிருந்தது; 2016 விதியிலிருந்து பட்டத்தை அறிவிக்கும் முன்பே அனுப்ப வேண்டும். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் நடத்துகிற சோத்கங்கா என்ற களஞ்சியத்தில் அவை சேர்கின்றன. (பேரே கங்கை. காவிரிக்காரனுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.) யாரும், எங்கிருந்தும், காசில்லாமல் படிக்கலாம். நல்ல காரியம், சந்தேகமே இல்லை.

ஆனால் தஞ்சைப் பக்கத்து நடவுப் பாட்டுகளைப் பற்றிய ஓர் ஆய்வேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சேற்றில் நின்று பாடிய பெண்களிடம் போய், பதிவுசெய்து, எழுதி, பட்டம் வாங்கி, ஏற்றியும் ஆயிற்று. யுனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்டது என்றால் பெரும்பாலும் பாமினி, வானவில் மாதிரி ஏதோவொரு எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு இல்லை. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. கூகுளில் 'நடவுப் பாட்டு' என்று தேடுகிறவருக்கு அந்த ஆய்வேட்டின் உள்ளே இருக்கும் ஒரு வரிகூடக் கிடைக்காது. ஆங்கிலத்தில் தலைப்பும் துறையும் தெரிந்து தேடுகிற ஆய்வாளருக்குக் கிடைக்கும். பாடியவருடைய பேத்திக்குக் கிடைக்காது.

இது புதுசும் இல்லை. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குத் தயாரித்த பட்டியல் 1880-ல் லண்டனில் அச்சாயிற்று. அந்த நூலகம், அதாவது இன்றைய சரஸ்வதி மகால், பொது நூலகமானது 1918-ல். என்ன சுவடி இருக்கிறது என்று லண்டன்காரருக்குத் தெரிந்து 38 வருஷம் கழித்துத்தான் மேலவீதிக்காரருக்குக் கதவு திறந்தது.

ஒரு மென்பொருள்காரனுக்கு இதில் பெரிய சிக்கல் தெரியாது. எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, ஒரு நிரல் எழுதி ஓட்டிவிடலாம். எனக்குக் கை ஓடாத இடம் பின்னிணைப்பு. நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளில் 'தகவலாளர் பட்டியல்' என்று ஒன்று வரும்: பெயர், வயது, ஊர், பல நேரம் சாதியும். அந்த அம்மா பாடியது எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்காக. அது கட்டுக்கோப்பாகி நூலக அலமாரியில் தூங்கியவரை நாலு பேர் பார்த்திருப்பார்கள். எழுத்துருவைச் சரிசெய்தால் பாட்டு தேடலில் வரும். கூடவே அவர் பெயரும் சாதியும் வரும். இத்தனை நாள் அவரை மறைத்துவைத்திருந்தது ஒரு கெட்ட எழுத்துருதான்.

பெயரை எடுத்துவிடலாமே என்பார்கள். எனக்கு அது உறுத்துகிறது. ஒப்பாரியில் தன் வாழ்க்கையையே வைத்துப் பாடியவரை 'தகவலாளர் 7' ஆக்கினால், பாட்டு ஆய்வாளருடையதாகிவிடும். பட்டமும் அவருக்கு, பாட்டும் அவருக்கா? பெயர் இருக்கட்டும், சாதிப் பத்தி போகட்டும் என்பது என் கட்சி. ஆனால் அதைத் தீர்மானிக்க நான் யார், நூலகர்தான் யார்?

கேட்க வேண்டியவர் ஊரில் இருக்கிறார். இல்லையென்றால் அவர் பிள்ளைகள் இருப்பார்கள். களஞ்சியத்தைப் பிரபலப்படுத்த நூலகங்கள் பட்டறை வைக்கின்றன, சுவரொட்டி ஒட்டுகின்றன, எல்லாம் வளாகத்துக்குள். அந்தச் செலவில் கொஞ்சத்தை ஒரு பைக்குக்குப் பெட்ரோல் போட ஒதுக்கலாம். பாட்டு இருக்கிற இயலை மட்டும் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு போய், வாசித்துக் காட்டி, "அப்பாயி, இது நீங்க பாடினதுதானே, ஊரெல்லாம் பாக்கட்டுமா?" என்று கேட்கலாம். சிலர் சரி என்பார்கள். சிலர், அந்த மூணாவது பாட்டு மட்டும் வேண்டாம்ப்பா, அது எங்க நாத்தனாரைப் பத்துனது என்பார்கள்.

அந்த மூணாவது பாட்டை என்ன செய்வது என்பதற்கு எந்தக் களஞ்சிய மென்பொருளிலும் தனியாக ஒரு கட்டம் இல்லை.