படுக்கையும் பயணமும்

வீட்டில் ஒருவர் அடிபட்டுப் படுத்திருக்கும்போது மற்றவர்கள் ஊர்ப் பயணம் போகலாமா?

கேட்ட மாத்திரத்தில் விடை சொல்லிவிடலாம் போலத் தோன்றும் கேள்வி இது. 'போகக் கூடாது, அது ஈரமற்ற செயல்' என்பார் ஒருவர். 'போனால் என்ன? நோயாளியோடு சேர்ந்து வீடே படுத்துக்கொள்ள வேண்டுமா?' என்பார் மற்றொருவர். முன்பெல்லாம் நானும் இவ்விரண்டில் ஒன்றைத் தயங்காமல் சொல்லியிருப்பேன். அந்தக் கேள்வி என் வீட்டுக்குள் நுழைந்து என் கட்டிலருகே அமர்ந்த பிறகுதான் அது அத்தனை எளிதன்று என்பது விளங்கிற்று.

நான் அம்பத்தூர்வாசி. 1949இல் இங்கே சைக்கிள் ஆலை வந்தது. 1961இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தன. அவற்றை நாடிப் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தொழிற்பேட்டையில் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் கணக்கெழுதுகிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு விடுமுறை என்றால் உதகையோ கோடைக்கானலோ அன்று. ஊருக்குப் போவதுதான் விடுமுறை. என் மனைவிக்கு ஊர் நாகூர். ஆண்டுக்கு ஒருமுறை, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில், எழும்பூரில் இரவு வண்டி ஏறிப் பத்து நாள் தாய்வீட்டில் இருந்துவிட்டு வருவாள். சென்ற ஆண்டும் மே மாதப் பயணத்துக்கு நோன்புக் காலத்திலேயே சீட்டு எடுத்தாகிவிட்டது. ஒன்பது வயது மகள், தொழுகை நேரம் அச்சிட்ட பள்ளிவாசல் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள்.

பெருநாள் கழிந்த இரண்டாவது வாரம், காலையில் வேலைக்குச் செல்லும் வழியில், சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பின்னால் வந்த வண்டியொன்று என் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியது. வலது தொடையெலும்பு முறிந்தது. அறுவை செய்து எலும்பின் உட்குழலில் ஓர் உலோகத் தண்டைச் செலுத்தி நிறுத்தினார்கள். கூன்ட்ஷர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1939இல் தொடங்கி வைத்த முறை அது. அதற்கு முன்பெல்லாம் காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசையாமல் கிடத்துவார்களாம். விசாரிக்க வந்த முதியவர்கள், 'புத்தூர்க் கட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாமே' என்று தம் காலத்து வழக்கத்தை நினைவூட்டினார்கள். தொடையெலும்பு கூடி வர மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம் என்றார் மருத்துவர். அதுவரை வாக்கர்தான் துணை; நெடும் பயணம் கூடாது.

பணத்துக்கு ஒரு வழி இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தில் 2010இல் ஒரு திருத்தம் வந்தது. வேலைக்குச் செல்லும் வழியிலும் வேலையிலிருந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்தைப் பணியிடக் காயமாகவே கொள்ள அது இடமளித்தது. அதன்படி, எழ முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கிடைக்கும். கணக்கெழுதுபவன் ஆகையால் படுத்தபடியே அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்து ஆறுதல் அடைந்தேன். ஆனால் ஒரு வீட்டின் வரவு செலவில் ஊதியம் மட்டுமா இருக்கிறது?

பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஓர் இரவு மனைவியிடம், "என்னப் பத்தி என்ன... நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்றேன். "உங்கள இப்படிப் போட்டுட்டு நாங்க எப்படிப் போறது?" என்று அவள் விளக்கை அணைத்தாள். பேச்சு அத்தோடு முடிந்தது. மறுநாள் நாட்காட்டியைப் பார்த்தேன். மகள் நாட்களை அடிப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை.

அந்த அடிக்கப்படாத கட்டங்கள் என்னை உறுத்தின. நான் சொன்ன சொல்லை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். 'போயிட்டு வாங்க' என்பதில் தவறில்லை. அதற்கு முன்னால் வந்த 'என்னப் பத்தி என்ன' என்பதுதான் உண்மையான பேச்சு. கையால் கதவைத் திறந்துவிட்டுக் காலால் வழியை மறிக்கும் சொல் அது. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகும் எந்தப் பெண் பெட்டியைக் கட்டுவாள்? தியாகம் போல் பேசி, மறுப்பைப் பரிசாகப் பெற்று, அந்த மறுப்பில் நான் உள்ளூர மகிழ்ந்தும் இருந்தேன்.

இன்னும் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஐந்து வாரங்களில் எங்கள் வீடு என் வலியைச் சுற்றியே சுழன்றது. நான் உறங்கினால் மிக்ஸி ஓடாது. பிள்ளைகள் சிரித்தால் "உஷ், வாப்பா படுத்திருக்காங்க" என்று அடக்கப்படுவார்கள். தொடக்கத்தில் இது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிற்று. அதற்கும் பிறகு, வெட்கத்தோடு சொல்கிறேன், பிடித்துப் போயிற்று. நோய் ஓர் அமானிதம் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நான் அதை ஓர் அரியாசனமாக்கி ஏறி அமர்ந்திருந்தேன்.

சிந்தித்தபோது, நம் மார்க்கம் நோயாளியை எங்கே நிறுத்தியிருக்கிறது என்ற எண்ணம் எழுந்தது. வியப்பான ஒன்று தென்பட்டது. நோன்பைப் பற்றிப் பேசுமிடத்தில் அருள்மறை நோயாளியையும் பயணியையும் சேர்த்தே குறிப்பிட்டு, இருவருக்கும் ஒரே சலுகையை வழங்குகிறது. நலமாக ஊரில் இருந்தபோது வழக்கமாய்ச் செய்த நற்செயலின் கூலி, நோயிலும் பயணத்திலும் அடியானுக்கு எழுதப்படும் என்ற கருத்துடைய நபிமொழியிலும் இவ்விருவரே இணைந்து வருகிறார்கள். படுக்கையில் கிடப்பவனும் பாதையில் நடப்பவனும் எதிரெதிரானவர்கள் என்றல்லவா நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்? இருவரும் தம் வழக்கமான வாழ்விலிருந்து வெளியே நிற்பவர்கள் என்று மார்க்கம் காண்கிறது.

அந்தச் சலுகையின் அமைப்பை உற்றுப் பார்த்தால் மூன்று செய்திகள் கிடைக்கின்றன.

முதலாவது, சலுகை அளவோடு வருவது. நிற்க முடியாதவர் அமர்ந்து தொழலாம்; அமரவும் முடியாதவர் படுத்துத் தொழலாம்; பயணி சுருக்கித் தொழலாம். முழுமையாக முடியாது என்பதற்காகத் தொழுகை அடியோடு விடப்படுவதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து உடலின் வலப்புறம் அடிபட்டார்கள். நலம் விசாரிக்கத் தோழர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு அமர்ந்தபடியே தொழுகை நடத்தினார்கள்.

இரண்டாவது, சலுகை அவரவர்க்கு உரியது. ஒருவர் நோயுற்றால் அவர் நோன்பை விடலாம்; அவர் பொருட்டு வீடே நோன்பை விடுவதில்லை. அவர் பகலில் கஞ்சி குடிப்பதை யாரும் குறை சொல்வதில்லை. மற்றவர்கள் நோன்பு நோற்பதை அவரும் தமக்குச் செய்யும் அவமதிப்பாகக் கொள்வதில்லை.

மூன்றாவது, விட்டதை நலம் பெற்றபின் கழாச் செய்ய வழி இருக்கிறது. ஹிஜ்ரி ஆறாம் ஆண்டில் உம்ராவுக்கென்று புறப்பட்ட பெருமானாரும் தோழர்களும் ஹுதைபிய்யாவில் தடுத்து நிறுத்தப்பட்டுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு சென்று அதை நிறைவேற்றினார்கள். திரும்பி வந்த பயணம் அங்கே தீர்ந்துபோன பயணம் ஆகிவிடவில்லை.

'வணக்கத்துக்கு உரிய சட்டத்தை விடுமுறை இன்பத்துக்குப் பொருத்தலாமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு பெண் ஆண்டுக்கு ஒருமுறை வயதான தாயைக் காணச் செல்வது வெறும் இன்பமா? உறவைப் பேணுதல் நமக்குக் கடமையல்லவா? ஸல்மான் (ரலி) அவர்கள் தம் தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்குரிய உரிமையோடு உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளையும் கொடுக்க வேண்டும் என்று எடுத்துரைத்ததும், அது சரியே என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதும் நாம் அறிந்தவை. இரவெல்லாம் நின்று வணங்கிய ஒரு நல்லடியாருக்கே குடும்பத்தின் ஹக்கு நினைவூட்டப்பட்டது என்றால், இரவெல்லாம் முனகிக்கொண்டு கிடந்த எனக்கு அது நினைவூட்டப்பட வேண்டாமா? அந்தப் பத்து நாள் என் கொடையன்று; அவளுடைய ஹக்கு. என் கால் முறிந்ததால் அது என் கைக்கு மாறிவிடவில்லை.

இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறக்கலாகாது. நோயாளியைக் கவனிக்க ஆளில்லாமல் போவது பயணமன்று, கைவிடுதல். ஆகவே நோயாளிக்கு எது தேவை, எது ஆசை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மருந்து கொடுக்கவும் கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லவும் ஒருவர் இருப்பது தேவை. எல்லோரும் தம்மைச் சுற்றியே நிற்க வேண்டும் என்பது ஆசை. முதலாவதை நிறைவேற்றாமல் யாரும் போகக் கூடாது. இரண்டாவதற்காக யாரும் நிற்க வேண்டியதில்லை.

பூவிருந்தவல்லி வழியே மேற்கே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் வேலூர் இருக்கிறது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்றோர் இளம் மருத்துவர் பணியாற்றினார். 1954இல் நண்பர்களோடு உலாச் சென்றபோது வண்டி விபத்துக்குள்ளாகி, தண்டுவடம் சிதைந்து, இரு கால்களும் செயலிழந்தன. மகிழ்ச்சிக்காகப் புறப்பட்ட நாளே அப்படி முடிந்தது. நின்றுகொண்டு செய்யும் அறுவைகள் அவருக்கு இனி இல்லை என்றாயிற்று. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையைக் கற்றுச் செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார், 1986இல் மறைந்தார். எனக்கு நேர்ந்தது அவருக்கு நேர்ந்ததில் நூறில் ஒரு பங்குமில்லை. ஆயினும் அவர் வாழ்விலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன்: 'எழுந்து நடந்த பிறகு வாழலாம்' என்று அவர் வாழ்வை ஒத்திவைக்கவில்லை, அமர்ந்து செய்யக்கூடியதைத் தேடினார்.

நாங்களும் எங்கள் அளவில் அதையே தேடினோம். ஒரு வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு எல்லோரும் என் கட்டிலைச் சுற்றி அமர்ந்து மஷூரா செய்தோம். 'என்னப் பத்தி என்ன' என்பதை விட்டுவிட்டு, எனக்கு என்னென்ன தேவை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஐந்தே வரிகள்தாம் இருந்தன. பத்து நாள் நான்கு நாளாகச் சுருங்கியது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த மூத்த மகன் என்னோடு இருக்க முன்வந்தான். என் தம்பி இரவில் வந்து தங்குவதாய்ச் சொன்னான். மகள் நாட்காட்டியைக் கழற்றி எடுத்து வந்தாள்.

தடை வெளியிலிருந்து வந்தது. விசாரிக்க வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், என் மனைவியின் காதில் விழும்படி, "புருஷன் கால் ஒடிஞ்சு கெடக்குறான்; இவளுக்கு உம்மா வீட்டுப் பயணம் கேக்குதாக்கும்!" என்றார். அவள் முகம் வாடியதைக் கண்டு, "நான்தான் போகச் சொன்னேன், அவ போறது எனக்கும் நல்லது" என்றேன். இந்த முறை அந்தச் சொல்லுக்குப் பின்னால் வேறெதுவும் ஒளிந்திருக்கவில்லை.

அவர்கள் போன முதல் இரவு எளிதாக இருந்தது என்று சொன்னால் பொய்யாகும். மறுநாள் மாலை நாகூர்க் கடற்கரையிலிருந்து அலைபேசியில் முகம் காட்டிப் பேசினார்கள். மகள் அலைக்கு ஓடிச் சிரித்தாள். ஒரு கணம் மகிழ்ந்தேன். அடுத்த கணம் நெஞ்சில் பொறாமை போன்ற ஒன்று கடித்தது. அது வந்தது, இருந்தது, போயிற்று. ஆனால் அந்த நான்கு நாட்களில் என் மகனை நான் புதிதாக அறிந்தேன். வாக்கரை எவ்வளவு தொலைவில் வைத்தால் நான் சாயாமல் எழுவேன் என்று அவன் அளந்து வைத்திருந்தான். தாய் வீட்டில் இருந்தவரை அவன் கைக்கு அந்த வேலை வந்ததேயில்லை.

திரும்பி வந்த இரவு மனைவி ஒன்று சொன்னாள். நாகூரில் முதல் இரவு, ஐந்து வாரங்களுக்குப் பிறகு விடியும் வரை உறங்கினாளாம். விழித்ததும், உங்களை விட்டு வந்து இப்படி உறங்கிவிட்டேனே என்று அழுதாளாம். நான் நெடுநேரம் பேசவில்லை. அவள் ஐந்து வாரமாய் உறங்கவில்லை என்பதை, கைதொடும் தூரத்தில் படுத்திருந்த நான் அறியவேயில்லை. என் முறிவைப் படம் எடுத்துக் காட்டக் கருவி இருந்தது. அவள் களைப்பைக் காட்ட யாரிடம் என்ன இருந்தது?

என் பங்குப் பயணத்தையும் கழாச் செய்தோம். ஜூலையில் ஒரு ஞாயிறு மாலை, ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரிக்கு ஆட்டோவில் போனோம். கரையோர நடைபாதையில், பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வர, வாக்கரோடு நாற்பது அடி நடந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அமர்ந்து, கொண்டுவந்திருந்த கடலையைத் தின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்தோம். அன்று யாரும் யாரையும் 'உஷ்' என்று அடக்கவில்லை.

இதைப் படிக்கும் குடும்பங்களில் எத்தனையோ வீடுகளில் யாரோ ஒருவர் படுத்திருக்கக்கூடும். படுத்திருப்பவர் தமக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கட்டும். வேண்டாதது போல் நடித்து மற்றவர்களைக் கட்டிப்போட வேண்டாம். விசாரிக்கச் செல்பவர்கள் பழத்தோடு இன்னொன்றையும் கொண்டுபோகலாம்: "இன்றிரவு நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கொஞ்சம் உறங்குங்கள்" என்று பராமரிப்பவரிடம் ஒரு சொல். நோய் விசாரிப்பில் அதுவும் ஒரு பகுதியே.

இந்த ஆண்டும் எங்கள் வீட்டு நாட்காட்டியில் நாட்கள் அடிபட்டு வருகின்றன. இன்ஷா அல்லாஹ், இம்முறை ஐந்து சீட்டும் ஒரே பெட்டியில். என் தம்பிக்கும் சேர்த்து.