உலைக்களம் உணர்த்தும் அருள்

முருகப் பெருமானின் திருக்கரத்தில் விளங்கும் வேல் ஞானத்தின் வடிவம். கருவி ஒன்று கூர்மை பெறும் விதத்தைக் கிராமத்துக் கம்மாலையில் காண்போர், அந்த ஞானத்தின் ஒரு துளியை அங்கேயே பெறலாம்.

கொல்லர் துருத்தியால் உலையை மூட்டி, உருக்கைச் செந்நிறமாகக் காய்ச்சி, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்துக் கத்தியாக்குகிறார். பின்பு மீண்டும் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார். உருக்குக் கடினமாகிவிடும். ஆனால் வேலை அத்துடன் முடிவதில்லை. அந்நிலையில் கத்தி கண்ணாடி போன்றது. ஓங்கி வெட்டினால் வாய் சிதறிவிடும். ஆகவே அதனை மறுபடியும் இளஞ்சூட்டில் வாட்டுகிறார். 200 பாகை செல்சியசைத் தாண்டியதும் வைக்கோல் மஞ்சள் படரும். 300 பாகையளவில் நீலமாகும். எந்தக் கருவியை எந்த நிறத்தில் எடுப்பது என்பதைக் கொல்லரின் கண் அறியும். அப்போதுதான் கூரும் நிற்கும், உறுதியும் நிற்கும்.

துன்பம் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்பர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் 2009இல் முடிந்த போரிலும் உறவுகளைப் பறிகொடுத்தோர் பலர். அந்த நெருப்புப் பல நெஞ்சங்களை இறுக்கியது. இறுகிய நெஞ்சு பக்குவப்பட்ட நெஞ்சு அன்று. ஒரு சுடுசொல்லில் அது உடைந்துவிடும். அதற்கு வேண்டியது அன்பென்னும் இளஞ்சூடு.

திருவிழாவுக்கு வரும் அடியார்கள், வீதியோரம் தனித்து நிற்கும் ஒருவருடன் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசுவதும் வேலவனுக்குச் செய்யும் தொண்டே. இரும்பின் பதமறிந்து கொல்லர் வாட்டுவது போல, ஆன்மாவின் பதமறிந்து அருள்பவன் அவன். அவன் திருவடிகள் போற்றி!