"வலிக்குமா?" என்று கேட்கும் குழந்தைக்கு

பல் மருத்துவரின் நாற்காலியில் ஏறுவதற்கு முன் குழந்தை கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வலிக்குமா?" பெரியவர்கள் தரும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "வலிக்கவே வலிக்காது, கண்ணா." குழந்தையின் நடுக்கத்தைக் காணப் பொறாத நெஞ்சிலிருந்து எழும் சொல் அது. ஆயினும் அது உண்மையா? உண்மையல்ல எனில், குழந்தையின் நன்மைக்காக அதனிடம் பொய் சொல்லும் உரிமை நமக்கு உண்டா? தர்மத்தைப் பற்றிய மிகப் பழைய வினாக்களுள் ஒன்று, ஒரு சொத்தைப் பல்லின் வடிவில் நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது.

குறள் கற்றவர்கள் உடனே ஒரு சமாதானம் சொல்லக்கூடும். வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளில் வள்ளுவரே, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணலாம் என்கிறாரே! குழந்தை அமைதியாக உட்கார்ந்தால் சொத்தை நீங்கும், பல் பிழைக்கும். இதைவிட வேறென்ன நன்மை வேண்டும்? வாதம் கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் வள்ளுவர் இட்ட நிபந்தனை கடுமையானது. நன்மை மட்டும் போதாது. அதில் குற்றத்தின் சுவடே இருக்கலாகாது. "வலிக்காது" என்ற சொல்லின் ஆயுள் எவ்வளவு? ஊசி ஈறைத் தொடும் வரை. மற்றப் பொய்கள் வெளிப்பட ஆண்டுகள் ஆகலாம்; இந்தப் பொய் சில நிமிடங்களில், குழந்தையின் வாய்க்குள்ளேயே வெளிப்பட்டுவிடுகிறது. ஊசியின் நோவு நொடிகளில் அடங்கும். 'அம்மா சொன்னது பொய்' என்ற அறிவு அவ்வளவு விரைவில் அடங்குவதில்லை. அடுத்த முறை, "இன்று ஊசி இல்லை, பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்" என்று அதே தாய் மெய்யாகவே சொன்னாலும் குழந்தை நம்பாது. ஏன் நம்ப வேண்டும்?

போதாக்குறைக்கு, இதே மருத்துவரைக் காட்டித்தான் நாம் மிரட்டியும் இருக்கிறோம். "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்", "சாக்லேட் தின்றால் எல்லாப் பல்லையும் பிடுங்கிவிடுவார்" என்பன நம் வீடுகளில் அன்றாடம் ஒலிப்பவை. திங்கட்கிழமை பூச்சாண்டியாக இருந்தவர் செவ்வாய்க்கிழமை 'டாக்டர் மாமா' ஆகிவிட முடியுமா? பாதி அச்சத்தை மருத்துவமனைக்குப் புறப்படும் முன்பே நாமே ஊட்டிவிட்டு, மீதியைப் போக்க ஒரு பொய்யைத் தேடுகிறோம்.

காந்தியடிகள் சிறு வயதில் பேய்களுக்கு மிகவும் அஞ்சியவர். அவர் வீட்டுப் பணிப்பெண் ரம்பா, அச்சம் வரும்போது ராமநாமத்தைச் சொல்லும்படி அவருக்குக் கற்றுத் தந்தார். இது பலரும் அறிந்த செய்தி. 'சத்திய சோதனை'யில் அதே இடத்தில் அவர் கூறும் மற்றொன்றை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை: அந்த மருந்தைவிட, மருந்து சொன்ன ரம்பாவிடமே அப்போது தமக்கு நம்பிக்கை அதிகம் இருந்ததாம். சிறுவனின் அச்சத்துக்கு முதல் துணையாக நின்றது ஒரு மனிதரின் சொல் மீது அவன் வைத்திருந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் செலவழித்து ஐந்து நிமிட அமைதியை வாங்குவது லாபமான வியாபாரம் ஆகாது.

உளவியலும் வேறு வழியாக இதனருகே வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி 1924-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 'முயல் ஒன்றும் செய்யாது' என்று அவனிடம் வாதாடிப் பயனில்லை. அவன் விருப்பமாக உண்டுகொண்டிருக்கையில் முயலைத் தொலைவில் வைத்து, அவன் தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார்கள். முடிவில் அவனே அதைத் தடவிக் கொடுத்தான். 1959-இல் ஆடல்ஸ்டன் என்னும் பல் மருத்துவர், செய்யப்போவதை முதலில் சொல், பிறகு காட்டு, அதன் பிறகே செய் என்ற முறையை வகுத்துத் தந்தார். இன்றும் உலகெங்கும் குழந்தைப் பல் மருத்துவர்கள் கற்பது அதுவே. நேர்மாறான முறையும் நெடுங்காலம் வழக்கில் இருந்தது: அலறும் குழந்தையின் வாயை மருத்துவர் கையால் பொத்தி, அது அடங்கிய பிறகே கையை எடுப்பார். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் தன் வழிகாட்டு நெறிகளிலிருந்து அதை நீக்கியது 2006-இல்தான். அறிவுலகம் மெதுவாகவே நடக்கிறது.

பெங்களூரில் உறவினர் ஒருவரின் ஏழு வயது மகளுடன் பல் மருத்துவர் அறைக்குச் செல்லும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. மருத்துவர் கன்னடப் பெண்மணி. ஊசியை எடுப்பதற்கு முன் தாயிடம், "ஸ்வல்ப நோவு ஆகுத்தே" என்றார். சிறிது வலிக்கும் என்று பொருள். தாய் குழந்தையின் பக்கம் திரும்பி, "வலிக்காதாம்மா" என்று மொழிபெயர்த்தார்! பெங்களூரில் பிறந்து வளரும் குழந்தைக்குக் கன்னடம் தெரியாதா? தெரியாவிட்டால்தான் என்ன, நோவு என்பது தமிழிலும் நோவுதானே. "அம்மா, டாக்டர் நோவுன்னு சொன்னாங்களே" என்றாள் குழந்தை. தாயிடம் பதில் இல்லை.

மருத்துவர் ஊசியை ஓரமாக வைத்தார். கன்னடம் கலந்த தமிழில் அவரே குழந்தையிடம் பேசினார். முதலில் ஈறில் ஒரு மருந்து தடவுவேன், கசக்கும். பிறகு ஊசி, எறும்பு கடித்தது போல இருக்கும், நீ பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுவேன். அதன் பின் உதடு தடித்துப் போனது போல் தோன்றும், ஆனால் தடித்திருக்காது, கண்ணாடியில் காட்டுகிறேன். நடுவில் தாங்க முடியாவிட்டால் இடது கையைத் தூக்கு, நிறுத்திவிடுகிறேன் என்றார். குழந்தை அழுதாள், ஆனால் வாயைத் திறந்தாள். இரண்டு முறை கை தூக்கினாள். முதல் முறை வலித்திருக்கக்கூடும். இரண்டாம் முறை மருத்துவர் கருவியால் எதையும் தொட்டிருக்கவேயில்லை. சொன்னபடி நிறுத்துகிறாரா என்று பார்க்கத்தான் அவள் கை உயர்ந்தது என்று எனக்குத் தோன்றியது. அவர் நிறுத்தினார். அதன் பிறகு அந்தக் கை உயரவில்லை.

கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வ சம்பத்துகளை வரிசைப்படுத்துகையில் அபயத்தை முதலில் வைக்கிறது. சத்தியமும் அதே வரிசையில்தான் வருகிறது. இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடி நிற்பதை நான் கண்டது அந்த அறையில். வலியே இராது என்ற உறுதி அபயம் ஆகாது. வருவது இன்னது, இவ்வளவுதான், என்னைக் கேளாமல் எதுவும் நடவாது என்ற தெளிவிலிருந்து பிறப்பது அது. (பல்வலியில் துடிக்கும் பிள்ளையிடம் 'நீ இந்த உடல் அல்ல' என்று வேதாந்தம் தொடங்கும் பெரியவர்களும் உண்டு. அவ்வுபதேசத்தை அவர்கள் தங்கள் பல்வலியின்போது நினைவுகூர்வதாகத் தெரியவில்லை.)

உண்மை சொல்ல வேண்டும் என்பதற்காக முந்தைய வாரமே ஊசியின் நீளத்தை விவரிக்கத் தொடங்குவதும் தவறே. வாய்மை அதிகாரத்தின் முதல் குறள், பிறர்க்குச் சிறிதும் தீங்கு விளைக்காத சொல்லையே வாய்மை என்கிறது. குழந்தை கேட்ட அளவுக்கு, அது தாங்கும் அளவுக்குச் சொன்னால் போதும். "ஆண்பிள்ளை அழலாமா?" என்று நாணச் செய்வதும் வேண்டா, அழுதுகொண்டே வாயைத் திறக்கும் பிள்ளை கோழை அல்ல.

இன்னொரு காரியம் நம் கையில் உள்ளது. வலி வந்த பிறகே முதன்முறையாக மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். "பால்பல்தானே, விழத்தானே போகிறது" என்று காலம் கடத்துகிறோம். பின்வரிசைப் பால்பற்கள் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். அவற்றின் பின்னால் ஆறு வயதிலேயே நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைத்துவிடும். ஒரு வயதுக்குள் முதல் முறை காட்டிவிட வேண்டும் என்பதே நிபுணர்களின் கருத்து. வலி இல்லாத நாளில் நாற்காலியில் ஏறி, கண்ணாடியில் தன் பற்களை எண்ணிப் பார்த்துவிட்டு இறங்கும் குழந்தைக்கு, பீட்டருக்கு முயல் பழகியது போல அந்த அறை பழகிவிடும். பெங்களூர்வாசிகளுக்கு, விக்டோரியா மருத்துவமனையை ஒட்டி 1958-இல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கெனத் தனித் துறையே இருக்கிறது. எவ்வளவு முயன்றும் அச்சம் தணியாத குழந்தைகளும் உண்டு. மயக்க மருந்தின் துணையோடு அவர்களுக்குச் சிகிச்சை செய்யலாம். அதில் தாய்க்கோ பிள்ளைக்கோ இழுக்கு ஏதுமில்லை.

வீடு திரும்பியதும் சொல்ல வேண்டிய உண்மை ஒன்று மிச்சமிருக்கிறது. ஊசியின் மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் நீடிக்கக்கூடும். அதற்குள் குழந்தை தன் உதட்டைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். காரணத்தைச் சொல்லி, உடனிருந்து கவனிக்க வேண்டும். "அடுத்த முறையும் ஊசி உண்டா?" என்று அது கேட்டால், நமக்குத் தெரியாதபோது "தெரியாது, நீயே டாக்டரிடம் கேள்" என்று சொல்லலாம்.