கொள்வோன் கடன்

பலனில் பற்று வைக்காமல் கர்மத்தைச் செய்ய வேண்டும் என்று கீதை அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறது. அவ்வுபதேசம் கர்மத்தைச் செய்கிறவனை நோக்கியது. பிறர் பற்றின்றிச் செய்த கர்மத்தின் பலனை அமர்ந்து அநுபவிக்கிறவனுக்கும் அது விடுதலை அளித்துவிடுகிறதா என்ற கேள்வியைத் திறந்தமூல மென்பொருளின் பொருளாதாரம் நம்முன் வைக்கிறது.

1983-இல் நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்த நாள் முதலாக, எவரும் எடுத்தாளவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருள்கள் பெருகி, இன்று வங்கியும் மருத்துவமனையும் அரசாங்கமும் அவற்றை நம்பி நடக்கின்றன. கோடிப் பிரதி எடுத்தாலும் மூலத்துக்கு அணுவளவும் நஷ்டமில்லையாதலால், இதை வித்யாதானத்தின் இனத்தில் சேர்ப்பது நியாயமே. ஆயினும் குறையாதது நிரல் மட்டுமே. பிழை களைந்து, புதிய அபாயங்களுக்கு ஈடுகொடுத்து, அதைப் பராமரிக்கிறவருடைய பொழுதும் தேகபலமும் நாள்தோறும் குறைகின்றன. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்தவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள்: ஒளி எத்தனை பேருக்கும் போதும், நெய்யோ எரிந்து தீரும் என்று அறிந்தே, ஒரு விளக்குக்கு 96 ஆடுகளை விட்டு, ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டி, மந்தை குறையாமல் காக்கும் பொறுப்பையும் இடையர்களிடம் ஒப்புவித்தார்கள்.

இணையத்தில் செல்லும் கடவுச்சொற்களையும் பணப் பரிமாற்றங்களையும் மறைத்துக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரல்தொகுதிக்கு அத்தகைய மந்தை ஒன்றும் இல்லை. 2014-க்கு முன் அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். முழுநேரமும் அதற்கென்றே உழைத்தவர் ஒருவர். அவ்வாண்டு ஏப்ரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ பிழை மிக எளியது. இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று அறிய ஒரு கணினி சிறு செய்தியை அனுப்பி அதன் நீளத்தையும் சொல்லும்; மற்றது அதை அப்படியே திருப்பியனுப்பும். சொன்ன நீளம் மெய்தானா என்று பார்க்கும் சோதனை விடுபட்டுப்போனதால், ஓரெழுத்தை அனுப்பிவிட்டு நீளத்தை மட்டும் பெரிதாகச் சொன்னவனுக்கு, எதிர்முனையின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை, அதில் எவருடைய இரகசியம் இருந்தாலும், வாரி வழங்கப்பட்டது. இரண்டாண்டுகளுக்கு மேல் அதைக் கண்டு சொல்வார் இல்லை.

‘அவர் விரும்பிக் கொடுத்தார், நாங்கள் உரிமப்படி எடுத்தோம், கடன் எங்கிருந்து வந்தது?’ என்று இத்தகைய நிரல்களை எடுத்தாளும் நிறுவனத்தார் கேட்பார்கள். சட்டப்படி அது சரியே. லினக்ஸ் என்னும் திறந்தமூல இயங்குதளத்துக்காகப் பல நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பதும் மெய்; ஆனால் அது தம் ஆதாயம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் செய்யும் செலவு. நம் சாஸ்திரங்களோ ரிஷிகடன் என்று ஒன்றைச் சொல்கின்றன. ரிஷிகள் பத்திரம் எழுதி வாங்கிக் கொடுத்தவர்களும் அல்லர், திருப்பிக் கேட்டவர்களும் அல்லர். எனினும் மனிதன் அக்கடனோடு பிறந்து, அவர்கள் தந்ததைத் தானும் அத்யயனம் செய்து பேணுவதால் அதைத் தீர்க்கிறான் என்பது கொள்கை. பெற்றதனாலேயே கடன் உண்டாகிவிடுகிறது. தந்தவன் எதிர்பார்த்தானா என்ற விசாரணைக்கே அங்கே இடமில்லை.

உழைப்பால் தீர வேண்டிய அக்கடனுக்குப் பணம் மட்டும் ஈடாகாது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்னும் நிரலை ஊதியமின்றி ஓய்வுநேரத்தில் காத்துவந்த ஒருவருக்குத் துணையாக வந்த அநாமதேயர், ஈராண்டுகளுக்கு மேல் ஒழுங்காக உழைத்து நம்பிக்கை பெற்று, 2024-இல் அதற்குள்ளேயே கள்ளவழி ஒன்றை வைத்தார். அந்நிரலை இலவசமாக ஆண்டுவந்த நிறுவனங்களில் தேர்ந்த பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை வாரத்துக்கு ஒரு நாளேனும் அப்பணிக்கு விட்டுக்கொடுத்திருந்தால், முகமறியாத ஒருவரை நம்ப வேண்டிய நிர்ப்பந்தம் அதைக் காத்துவந்தவருக்கு நேர்ந்திராது.